முதல் பந்தி

ஐயர் பிரசங்கம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஹெப்சி மறுபடியும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள். கோயிலுக்குள் இந்தப் புத்தகத்தைத் திறப்பதில்லை என்று வீட்டில் சேலை கட்டும்போதே தீர்மானம் செய்திருந்தாள். அப்படித் தீர்மானம் செய்தவள் எதற்காக அதை ஜிப் உறைக்குள், வேதத்துக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு வரவேண்டும்? கேட்க ஆளில்லை. சுகிர்தபுரத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். இந்த ஐயர் பிரசங்கம் என்று நின்றால் நாற்பது நிமிஷம், அதில் முப்பது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டே பேசுவார். பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மடியில் என்ன வைத்துப் படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆண்டவருக்குத் தெரியும். தெரியட்டும். அவருக்குத் தெரியாமலா இது என் கைக்கு வந்தது என்று ஹெப்சி நினைத்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. திருவிருந்து ஞாயிறு, வெறும் வயிற்றோடுதான் வருவாள். பக்கத்தில் வெள்ளைப் பாவாடை தாவணியில் மகள் ஜெமிமா, பதினைந்து முடிந்தவள். போன ஞாயிறு பிஷப் வந்து தலையில் கைவைத்து அவளுக்குத் திடப்படுத்தல் ஆனது. இன்றைக்குத்தான் முதன்முதலாக அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப்போகிறாள். தலை நிறைய மல்லிகை. அந்த வாசனையும் மின்விசிறிக் காற்றும் சேர்ந்து பக்கத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டின. ஹெப்சி கட்டை விரலால் அமுக்கிப் பிடித்தாள்.

அதில் அப்படி ஒன்றும் பயங்கரமாக எழுதியிருக்கவில்லை. எழுதினவன் கறுப்பன், அடிமையாகப் பிறந்து பின்னால் பிரசங்கியார் ஆனவன், செத்து நூற்றைம்பது வருஷம் ஆயிருக்கும். பெரிய புத்தகம் என்று உலகமே சொல்லுமாம், ஹெப்சி கேள்விப்பட்டதில்லை. சவுக்கு, சங்கிலி, ஏலம் என்று வருகிற பக்கங்களை எல்லாம் அவள் நன்றாக அழுது படித்துவிட்டாள். அழுகிறது அவளுக்குச் சுலபம். பாவிகள், வெள்ளைக்காரப் பாவிகள், இப்படியும் மனுஷர் உண்டா என்று வியாழக்கிழமை புருஷன் ஞானராஜிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நூற்றுப் பன்னிரண்டில்தான் கால் இடறியது. அங்கே அடியும் இல்லை உதையும் இல்லை. அந்த ஊர்க் கோயிலில் இருந்த திருவிருந்து வெள்ளிப் பாத்திரத்தைச் சனிக்கிழமைதோறும் துலக்குகிறது அவன் வேலை. வாயைக் கிட்டத்தில் வைத்து ஊதி, ஆவி படியவைத்து, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குவான். மறுநாள் அதே பாத்திரத்தில் வெள்ளைக்காரர் எல்லாரும் குடித்து முடித்து, மாடியில் தனியாக உட்காரவைத்திருக்கிற இவன் ஆட்கள் இறங்கி வந்து கடைசியில் குடிப்பார்கள். 'சனிக்கிழமை என் மூச்சு படாத இடம் அந்தப் பாத்திரத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் உதடு மட்டும் கடைசி' என்று எழுதியிருக்கிறான். அடுத்த வரி எஜமானியைப் பற்றி. 'அம்மாள் எப்போதும் முதல் ஆளாய் ஓடிப்போய் முழங்கால் போடுவாள். அது பக்தி என்றே கடைசிவரைக்கும் நம்பியிருந்தாள்.' அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. புத்தகம் முழுக்கத் தேடியாயிற்று, வேறெங்கும் கோடு கிடையாது. கோடு போட்டது பாக்கியமா, இல்லை அவள் மகனா, இல்லை கடையில் வாங்கும்போதே இருந்ததா? பழைய புத்தகமாக வாங்கியிருக்கலாம். பழைய புத்தகத்தில் கோடு கிடக்கிறது சகஜம்தானே. ஆனால் அட்டை புதிதாக இருக்கிறதே. விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறதே.

பாக்கியம் இதைத் தந்தது புதன்கிழமை. அன்னபாக்கியம் என்று முழுப் பேர். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஹெப்சியும் அவளும் பதினாலு வருஷமாக ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். இவள் தலையைப் பிடித்தால் அவள் தொப்புள்கொடியைப் பிடிப்பாள், பேச்சே வேண்டியிருக்காது. டீ குடிக்க ஃப்ளாஸ்க் மூடி ஒன்றுதான். அவள் பாதி குடித்துத் தருவாள், இவள் மீதியைக் குடிப்பாள், எந்த விளிம்பில் அவள் வாய் பட்டது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட ஹெப்சி திருப்பிப் பார்த்தது கிடையாது. சத்தியமாகக் கிடையாது. போன ஞாயிறு ஜெமிமாவின் விருந்துக்குக்கூட பாக்கியம் வந்தாள், நடுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போட்டாள். எல்லாருக்கும் இலைதான் போட்டோம், அவளுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, என்று ஹெப்சி இப்போது மனசுக்குள் யாரிடமோ சாட்சி சொன்னாள். யாரும் கேட்காத சாட்சி. செய்தித்தாளில் சுற்றின புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு பாக்கியம் சொன்னது, "எம்மவன் மெட்ராஸ்ல இருந்து அனுப்புனான் ஹெப்சி. நான் படிச்சாச்சு. நீயும் படி." அதோடு விட்டிருக்கலாம். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "படிச்சிட்டு எங்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், என்ன?" என்றாள். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. ஏன் ஒன்றும் சொல்ல வேண்டாம்? ஒரு மனுஷி ஒரு புத்தகத்தைத் தந்தால் எப்படி இருந்தது என்று கேட்பாளா, சொல்லாதே என்பாளா? வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வார்டில் இரண்டு பேரும் ஊசி, மருந்து, ரத்த அழுத்தம் என்று மட்டும் பேசினார்கள்.

பாக்கியம் இந்தக் கோயில்தான். இப்போதும் பின்னால்தான் இருப்பாள், வடக்கு வாசல் பக்கம், தூணுக்கு அந்தண்டை, தெற்குத் தெருக்காரர்கள் உட்காருகிற இடத்தில். அங்கே உட்காரச் சொல்லி யாரும் எழுதி ஒட்டவில்லை. சுகிர்தபுரத்தில் சாதியை வாயால் சொல்ல வேண்டியதில்லை, தெருவைச் சொன்னால் போதும். மேலத் தெரு முன்னால், தெற்குத் தெரு பின்னால். கிறிஸ்தவர்களுக்குள் அதெல்லாம் ஏது என்று வெளியூர்க்காரர் கேட்டால் ஹெப்சியே தொண்டை கிழியப் பேசுவாள். திருவிருந்துக்குப் பீடத்துக்கு முன்னால் கிராதித் தடுப்பு ஓரமாகப் பதினைந்து பதினைந்து பேராக முழங்கால் போடுவது ஒரு பந்தி. மேலத் தெரு முதலில் எழுந்திருக்கும், தெற்குத் தெரு கடைசிப் பந்திக்கு வரும், அவர்களாகவே வருவார்கள். அவர்களாகவே. ஹெப்சியின் அம்மா எப்படி ஓடுவாள்! ஐயர் அழைப்பு வாசகத்தை முடிக்கிறதற்கு முன்பே செருப்பை உதறி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, முன்னால் போகிறவள் காலை மிதிக்காத குறையாகப் போவாள். "ஆண்டவர் கூப்புடுதாரு, ஆடி அசைஞ்சா போறது?" என்பாள். எவ்வளவு பக்தி என்று சின்ன ஹெப்சி பெருமைப்பட்டாள். பதினாறு வயசில் ஒருதரம், சிநேகிதிகளோடு பேசிக்கொண்டே இருந்ததில் ஹெப்சி கடைசிப் பந்தியில் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டவில்லை. அடுப்படியில் வெந்நீர் வைத்து, உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். "தொண்டையில கரகரன்னு இருக்கும், நல்லா கொப்பளிச்சுத் துப்பு." தொண்டையில் ஒன்றுமே இல்லையே என்று ஹெப்சி சொன்னாள். "துப்புட்டி" என்றாள் அம்மா. துப்பினாள். முருங்கை மரத்தடியில், மூன்று வாய். அம்மாவுக்குச் சுத்தம் முக்கியம் என்றுதான் இத்தனை காலமும் நினைப்பு. நர்ஸிங் பள்ளிக்கூடத்து நேர்காணலில்கூட அதைத்தான் சொன்னாள், எனக்குச் சுகாதாரம் கற்றுத் தந்தது என் தாயார் என்று. மேடம் மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். இப்போது முப்பது வருஷம் கழித்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த உப்புத் தண்ணீர் நாக்கில் கரிக்கிறது. ஆண்டவருடைய ரத்தம் என்று விழுந்து கும்பிட்டுக் குடித்ததை அம்மா கொப்பளித்துத் துப்பச் சொல்லியிருக்கிறாள், அவளும் துப்பியிருக்கிறாள், மரத்தடியில், கோழி நடமாடுகிற இடத்தில். இதற்கு என்ன மன்னிப்பு இருக்கிறது, யாரிடம் கேட்பது? அம்மா கல்லறைக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது.

இல்லை, கிருமி. கிருமி என்கிறது உண்மைதானே. ஹெப்சி நர்ஸ், அவளுக்குத் தெரியாதா, ஒரே பாத்திரம், நூற்றைம்பது உதடு, ஒருவர் குடித்ததும் ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து ஒரு சுற்றுச் சுற்றுகிறார், அந்தத் துணியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தெரியும் சங்கதி. அதனால்தான் அவளும் முந்துகிறாள். முதல் பந்தியில் கிருமி குறைவு. சரி, அதே முதல் பந்தியில் முன்சீப் வீட்டுப் பெரியவர் இருமிக்கொண்டே வாங்குகிறாரே, காசநோய் மாத்திரை ஆறுமாசம் சாப்பிட்டவர், அவருக்கு அடுத்தாற்போல எத்தனை தரம் ஹெப்சி முழங்கால் போட்டிருக்கிறாள், ஒருநாளாவது எழுந்து தள்ளிப் போனாளா? பெருந்தொற்றுக் காலம் ஞாபகம் வந்தது. அப்போது பொதுப் பாத்திரத்தை நிறுத்திவிட்டு அப்பத்தை ரசத்தில் தொட்டுக் கையில் வைத்தார்கள். அந்த மூன்று வருஷமும் ஹெப்சி முந்தவே இல்லை. ஆற அமர இருந்து நாலாம் பந்தி, ஐந்தாம் பந்தி என்று போனாள், கால்வலி என்று புருஷனிடம் சொன்னாள். உலகமே கிருமிக்குப் பயந்து கதவைச் சாத்தின காலத்தில் அவளுக்கு மட்டும் கோயிலில் அவசரம் விட்டுப்போயிற்று. போன தை மாசம் கோயிலை நடத்துகிற சேகரக் கமிட்டி மறுபடியும் பாத்திரத்தைக் கொண்டுவந்தது. கால்வலி அன்றைக்கே சரியாய்ப்போனது. இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பின்னால் தூணோரம் உட்கார்ந்து மாசத்துக்கு ஒருதரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தியைத் தவிர. கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, திரும்பினால் பாக்கியம் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள் என்றும் இருந்தது. ஃப்ளாஸ்க் மூடியை வாங்கிக் குடித்தேனே, அது கணக்கில் வராதா? வார்டில் யார் பார்க்கிறார்கள், சொல். மருந்து வாடையும் பிள்ளையழுகையும்தான். இங்கே மேலத் தெரு முழுக்கப் பார்க்கும். அப்படியென்றால் அருவருப்புகூட இல்லை, வெறும் மரியாதை, ஊர் மரியாதை. அதற்காகவா இத்தனை வருஷம் ஆண்டவர் முன்னால் அப்படி ஓடினேன்? ஹெப்சிக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் மேல் கோபம் வந்தது, பாக்கியத்தின் மேலும் வந்தது. பதினாலு வருஷம் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் என்னோடு டீ குடித்தாளே, அது மட்டும் என்ன நியாயம்?

பிரசங்கம் முடிந்து ஐயர் கண்ணைத் திறந்துவிட்டார். ஹெப்சி புத்தகத்தை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் மாட்டிக்கொண்டது. கீர்த்தனை பாடினார்கள், அவள் வாய் தன்பாட்டுக்குப் பாடியது. பாவ அறிக்கை சொன்னார்கள். வாரா வாரம் சொல்கிறதுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்வாள், இன்றைக்கு இரண்டாவது வரியிலேயே விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையை என்ன செய்வது? அதுதான் இப்போது பெரிய கேள்வி. தான் கெட்டது கெட்டாயிற்று. ஜெமிமா இன்றைக்குத்தான் முதல்முதலாக எழுந்து போகப்போகிறாள், அவள் எந்தப் பந்தியில் போகிறாள் என்பது இன்றைக்கு எப்படியோ அப்படியே நிலைத்துவிடும், அப்புறம் அவள் மகளுக்கும் அது பக்தியாகிவிடும். தடுக்கலாம். ஒன்றும் பேச வேண்டாம், பிரகடனம் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அழைப்பு வந்ததும் எழுந்திருக்காமல் தலையைக் குனிந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பது. பிள்ளை கேட்டால், பொறு, நிதானமாகப் போவோம் என்பது. அம்மா உட்கார்ந்தால் பிள்ளையும் உட்காரும். கடைசியில் இரண்டு பேருமாக எழுந்து போய், பாக்கியம் குடித்த பிற்பாடு, அதே விளிம்பில். அதை நினைக்கும்போது மனசு லேசாகிவிட்டது. கொஞ்சம் அளவுக்கு மிஞ்சியே லேசாகிவிட்டது; பாக்கியம் அதைப் பார்ப்பாள், நாளைக்கு வார்டில் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்றுவரை ஹெப்சி போய்விட்டாள். ஜெமிமாவுக்கு இதெல்லாம் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த மட்டுக்குப் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐயர் அப்பத்தைப் பிட்டார். பாத்திரத்தை இரண்டு கையாலும் உயர்த்தினார். அழைப்பு வாசகம் முடியப்போகிற நேரம், முன் வரிசைகளில் சேலைகள் சரசரத்தன, ஆண்கள் பக்கத்தில் ஞானராஜ் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். ஹெப்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எம்மா, எந்திரி" என்றாள் ஜெமிமா காதருகில்.

"பொறுட்டி. மெதுவாப் போவோம்."

"மெதுவாவா?" பிள்ளையின் குரலில் நிஜமான திகைப்பு. "எம்மா, லேட்டாயிட்டா பாக்கியம் அத்தை அவியெல்லாம் வந்துருவாவ. அப்பறம் அவிய எச்சியைத்தான குடிக்கணும்."

பாக்கியம் அத்தை என்று பிரியமாகத்தான் சொன்னாள். காலில் அந்த அத்தை போட்ட கொலுசு. ஹெப்சி கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். முகத்தில் வெறுப்போ துவேஷமோ ஒன்றும் இல்லை, மழை வரும் குடையை எடு என்று சொல்கிற முகம். யார் சொல்லித் தந்தார்கள்? என்றைக்கு, எந்த வார்த்தையில்? ஒருவரும் சொல்லித் தரவில்லை, இந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இடுப்பில் இருந்தபோதே அம்மா முந்துகிறதைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். "ஜெமி, உக்காரு" என்று சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் பிள்ளை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போயாயிற்று. முதல் பந்தியில் இடது ஓரம் அழகாக முழங்கால் போட்டது. கும்பிட்ட கையும் குனிந்த தலையும் மல்லிகையுமாக, பார்க்கிறவர்களுக்குக் கண் நிறைந்திருக்கும். ஹெப்சி நாலாவது வரிசையில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பந்தி எழுந்தது, இன்னொன்று முழங்கால் போட்டது. திரும்பி வந்தவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். "என்ன ஹெப்சி இப்படி உக்காந்துட்டா, மேலுக்கு முடியலையோ" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்த ஜெமிமா, "என்னாச்சும்மா, தலை சுத்துதா?" என்று கையைப் பிடித்தாள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா? மயக்கம் என்றால் எல்லாரும் நம்புவார்கள். எல்லாரும் இல்லை.

கடைசிப் பந்திக்குப் பின்னாலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினபோது ஹெப்சி எழுந்தாள். "எம்மா!" என்று ஜெமிமா முந்தானையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டு போனாள். தெற்குத் தெருப் பெண்கள் அவளைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினார்கள், அது அவளுக்கு அடித்தது போல இருந்தது. பாக்கியம் ஒதுங்கவில்லை, கவனிக்கவும் இல்லை, நேரே போய்க் கிராதியில் முழங்கால் போட்டாள். பக்கத்தில் ஹெப்சி போட்டாள். பந்தியில் கடைசி ஆள் அவள்தான். அப்பம் வந்தது, நாக்கில் ஒட்டிக்கொண்டது. பாத்திரம் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தது. பாக்கியம் குடித்தாள், ஐயர் துடைத்தார், சுற்றினார், இவளைக் கண்டு ஒரு கணம் புருவம் உயர்ந்து இறங்கியது. விளிம்பு உதட்டில் பட்டது. ரசம் வாய்க்குள் வந்தது, இனிப்பும் துவர்ப்புமாக, எப்போதும்போல. ஐயர் நகர்ந்துவிட்டார். இறங்கவில்லை. இறங்கு என்று சொல்கிறாள், இறங்கவில்லை. பல்லுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது, தொண்டை பூட்டிக்கொண்டது. மனசு எப்போதோ மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டது, தொண்டைக்குத்தான் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. இப்படியே எழுந்து வாசலுக்குப் போனால் துப்பிவிடுவேன் என்று ஹெப்சிக்குத் தெரிந்தது. கன்னம் லேசாக உப்பியிருந்திருக்கும். மாத்திரையை விழுங்கினமாதிரி பாவனை பண்ணி நாக்குக்கடியில் ஒளித்துவைக்கிற பிள்ளைத்தாய்ச்சிகளைத் தினத்துக்கும் பார்க்கிறவளிடம் இதெல்லாம் எடுபடுமா? பாக்கியம் திரும்பவில்லை. கும்பிட்ட கைக்குள்ளிருந்து, வார்டில் பேசுகிற அதே சின்னக் குரலில் சொன்னாள்.

"முழுங்கு, ஹெப்சி."

கண்ணில் தண்ணீர் முட்டியது. பாக்கியம் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. ஹெப்சி விழுங்கினாள். ஒருதரத்தில் போகவில்லை, இரண்டுதரம் விழுங்க வேண்டியிருந்தது. பிறகு கிராதியைப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தாள், பாக்கியத்தின் கை வந்து அவள் தோளை அமர்த்தியது.

"மெதுவா எந்திரி" என்றாள் பாக்கியம். "நமக்குப் பின்னால யாரும் இல்ல."